முடியாது என்று சொல்லப் பழகியவன்

ஐம்பத்தெட்டு வயது வரை என் தம்பி ‘முடியாது’ என்று யாரிடமும் சொன்னதில்லை. யார் எது கேட்டாலும் “அதுக்கென்ன” என்பான். கடமலைக்குண்டில் உறவினர் வீட்டுக் கல்யாணம் ஒன்றுக்கு நாங்கள் போயிருந்தோம். சமையல்காரருக்கு இரண்டு ஆட்கள் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். விருந்துக்கு வந்த இவன் சரிகை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சோற்று அண்டாவின் பக்கத்தில் போய் நின்றான். கடைசிப் பந்தி எழுந்த பிறகுதான் சாப்பிட உட்கார்ந்தான். அதற்குள் வடை தீர்ந்திருந்தது.

ஒரே நாளில் இரண்டு பேர் பெண் பார்க்கத் துணைக்கு அழைத்தார்கள். இருவரிடமும் அதுக்கென்ன என்று சொல்லிவிட்டான். காலையில் போடியில் ஒரு பெண், மாலையில் கம்பத்தில் ஒரு பெண். இரண்டு வீட்டிலும் கேசரியும் பஜ்ஜியும் சாப்பிட்டு, மறுநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்தான். காமயகவுண்டன்பட்டியில், அதாவது எங்கள் ஊரில், அவனைப் பற்றி இப்படிச் சொல்வார்கள்: “அவன்ட்டப் போயி உசுரக் கேட்டாலும், அதுக்கென்ன, காலைல வந்து வாங்கிக்கன்னுதான் சொல்லுவான்.”

அவனுடைய இந்தக் குணத்தால் முதலில் பயனடைந்தவன் நான்தான். அப்பா இறந்தபோது நான் தேனிப் பக்கம் ஒரு கல்லூரியில் விலங்கியல் விரிவுரையாளன். அவன் என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். பன்னிரண்டாம் வகுப்புப் பாதியில் இருந்தான். திராட்சைத் தோட்டத்தை யாராவது பார்க்க வேண்டும். “ஏலே, நீ பாத்துக்கிறியா?” என்று கேட்டேன். “அதுக்கென்னண்ணே” என்றான். அடுத்த வாரம் அவனுடைய புத்தகங்களைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டான். நான் பேராசிரியராகி ஓய்வு பெற்று பழனிசெட்டிபட்டியில் வீடு கட்டினேன். அவன் திராட்சைப் பந்தலுக்குக் கீழே தலையை அண்ணாந்தபடியே நாற்பது வருடம் வேலை செய்தான். அப்போது அதை ஒரு தவறாக நான் நினைக்கவில்லை.

கொரோனா இரண்டாவது முறை ஊரைச் சுற்றியபோது அவனைப் பிடித்தது. தேனியில் ஒரு மருத்துவமனையில் பதினோரு நாள் ஆக்ஸிஜன் வைத்தார்கள். உள்ளே யாரையும் விடவில்லை. ஏழாம் நாள் வாசலில் இருந்த வேப்பமரத்தடியில் நின்று வேண்டிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருடம் வைரஸைக் கரும்பலகையில் வரைந்து பாகம் குறித்தவன் நான். ஆனால் எங்கள் பக்கத்தில் காய்ச்சலும் அம்மையும் கண்டால் வீரபாண்டி ஆத்தாவுக்கு வேண்டுவது வழக்கம். பயம் வந்ததும் அந்த வழக்கம்தான் கை கொடுத்தது. “ஆத்தா, இவன் எழுந்து வந்தால் அடுத்த சித்திரைக்கு உனக்கு அக்னிச்சட்டி எடுப்பான்” என்றேன். தீ எரிகிற சட்டியைக் கையில் ஏந்தி கோயில் வரை நடப்பது அந்த நேர்த்திக்கடன். சட்டியை நான் எடுக்கிறேன் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. அவனிடம் கேட்க வேண்டும் என்றும் தோன்றவில்லை.

அவன் எழுந்து வந்தான். எல்லோருக்கும் மகிழ்ச்சி. இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பத்தில் இறங்கி டவுன் பஸ் பிடித்துத் தோட்டத்துக்குப் போனேன். மோட்டார் அறைக்குள் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தான்.

“என்னலே, வெயில் ஏறுறதுக்குள்ள படுக்கையா?”

“வாண்ணே. அந்த ஸ்டூல இழுத்துப் போட்டு உக்காரு. ஒரு வரிசைக் கொடிக்குக் கவாத்து வெட்டுனேன்.”

“இன்னைக்கா?”

“முந்தாநாள்.”

“முந்தாநாள் வெட்டுனதுக்கு இன்னைக்குப் படுக்கையா? நல்லாருக்குடா ஒன் கத.”

“அதாண்ணே எனக்கும் வெளங்கல. வேல செய்யுறப்ப ஒண்ணும் தெரியல. மறுநாளோ அதுக்கு மறுநாளோதான் ஆள அமுக்குது. தூங்குனாலும் தீரல. ரெண்டு வார்த்த படிச்சா மூணாவது வார்த்தைக்கு மொத வார்த்த மறந்துபோகுது.”

சுவரில் இருந்த மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைக் கையால் காட்டினான். எங்கள் பக்கத்தில் தோட்டத்து மோட்டாருக்கு த்ரீ பேஸ் மின்சாரம் வேண்டும். அது நாளில் சில மணி நேரம்தான் வரும். மற்ற நேரத்தில் சிங்கிள் பேஸ் இருக்கும். விளக்கு எரியும், விசிறி சுற்றும். அவசரப்பட்டு அதில் மோட்டாரைப் போட்டால் உள்ளே இருக்கிற கம்பிச்சுருள், அதாவது காயில், கருகிவிடும்.

“இப்ப எனக்கு சிங்கிள் பேஸ்தான் வருதுண்ணே” என்றான். “பேசுவேன், சிரிப்பேன், லைட்டு எரியும். பாக்குறவுகளுக்குக் கரண்டு இருக்க மாதிரித்தான் இருக்கும். மோட்டாரப் போட்டா காயில் போயிரும்.”

நான் சிரித்தேன். அவனுடைய நோயைப் பற்றி எனக்குக் கிடைத்த மிகச் சரியான விளக்கம் அதுதான். அதை நகைச்சுவையாக எடுத்துக்கொண்டு, பஸ் ஏறும் முன் டீக்கடையில் நாலு பேரிடம் சொல்லிச் சிரித்தேன். அடுத்த முறை போனபோது ஊர் அவனை ‘சிங்கிள் பேஸு’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்தப் பட்டப்பெயர் எங்கிருந்து வந்தது என்று அவன் என்னிடம் கேட்கவில்லை.

பரிசோதனைகள் எல்லாம் எடுத்தோம். ரத்தம், சர்க்கரை, தைராய்டு, இதயம், நெஞ்சுப் படம். எதிலும் குறை இல்லை. குறை இல்லை என்ற தாள்கள் கையில் சேரச் சேர என் குரல் உயர்ந்தது. வைரஸ் இரண்டு வாரத்தில் போய்விட்டது, மிச்சம் இருப்பது பயமும் சோம்பலும் என்று நான் முடிவு செய்துவிட்டேன். ஆட்டுக்கால் சூப் வைக்கச் சொன்னேன். காலையில் வாய்க்கால் கரையில் நடக்கச் சொன்னேன், ஒவ்வொரு வாரமும் தூரத்தைக் கூட்டச் சொன்னேன். போனில் கணக்குக் கேட்டேன். அவன் மனைவிதான் ஒருநாள் எதிர்த்துப் பேசினாள்.

“மாமா, நடந்துட்டு வந்தாகன்னா ரெண்டு நாளு எந்திரிக்க மாட்டேங்கிறாக. நடக்காம கெடந்தா கொஞ்சம் தெளிவா இருக்காக. நடக்கச் சொல்லாதீக மாமா.”

“நீ எடங்குடுக்குற தாயி. அதான் அவன் படுக்குறான்.”

“நீங்க படிச்சவுக” என்றாள் அவள். அதை அன்று மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

பங்குனி பிறந்ததும் நேர்த்திக்கடனை நினைவுபடுத்தினேன். “அதுக்கென்னண்ணே” என்றான். காப்புக் கட்டி, விரதம் இருந்து, முந்தின நாளே என் வீட்டுக்கு வந்துவிட்டான். சட்டி வாங்கி வைத்திருந்தேன், மஞ்சள் வேட்டி வாங்கி வைத்திருந்தேன். மாலை நான் வேப்பிலை உருவிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். ஒரு கொப்பை எடுத்தான். இரண்டு இலை உருவிவிட்டு மடியில் வைத்துக்கொண்டான்.

“அண்ணே.”

“ம்.”

“முடியாதுன்னு தோணுதுண்ணே.”

அவன் வாயிலிருந்து அந்தச் சொல் வந்து அதற்கு முன் நான் கேட்டதில்லை. அது எனக்குத் தெரிந்தது. அந்தக் கணத்திலேயே தெரிந்தது. இதை நான் மறைக்க விரும்பவில்லை. வாழ்நாள் முழுவதும் முடியாது என்று சொல்லாத ஒருவன் முடியாது என்கிறானே, ஏன் என்று ஒரு கேள்வி உள்ளே எழுந்தது. அதை அமுக்கிவிட்டேன். வேண்டிக்கொண்டவன் நான். நிறைவேறாமல் போனால் அவமானம் எனக்கு. “சாமி காரியத்துல அந்த வார்த்தை வரக்கூடாதுடா” என்றேன். “ஆத்தா நடத்திட்டுப் போவா. சட்டியத் தூக்கினா எல்லா அலுப்பும் ஓடிரும்.”

“சரிண்ணே” என்றான். அதுக்கென்ன என்று சொல்லவில்லை.

பழனிசெட்டிபட்டியிலிருந்து வீரபாண்டிக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும். சித்திரை வெயில். சாலையோரத்து வீடுகளில் இருந்தவர்கள் நடப்பவர்களின் காலில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். நான் குடையும் தண்ணீர்ப் பாட்டிலுமாகப் பின்னால் போனேன். அவன் விழுவான் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம். விழவில்லை. ஓரிடத்திலும் நிற்கவில்லை. சட்டியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றி, வேப்பிலையைப் பிடித்து, நேராக நடந்தான். கோயிலில் சட்டியை இறக்கிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான்.

“பாத்தியா? ஒனக்கு ஒண்ணுமில்லன்னு நான் அப்பவே சொன்னேன்ல?” என்றேன்.

மறுநாள் பஸ் ஏறும்போதும் நன்றாகத்தான் இருந்தான். தெருவில் எல்லோரிடமும் என் வெற்றியைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்றாம் நாள் காலை அவன் மனைவி போன் செய்தாள். “மாமா, தம்ளரப் பிடிக்க முடியல. நான்தான் வாயில ஊத்துறேன்.”

அதன் பிறகு ஐந்து மாதம் அவன் இருட்டறையில் கிடந்தான். வெளிச்சம் தாங்காமல் ஜன்னலில் சாக்கு கட்டினார்கள். மிக்ஸி சத்தம் கேட்டால் உடம்பு நடுங்கியது. அவள் மிக்ஸியைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய் அரைத்துக்கொண்டு வந்தாள். இட்லியை மென்று விழுங்கியதும் களைத்துக் கண்ணை மூடிக்கொள்வான். நான் போய்ச் சுவரோரமாக உட்கார்ந்திருப்பேன். ஆத்தா மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அவள் எதையும் கேட்கவில்லை, கேட்டவன் நான்.

தேனியில் ஒரு இளம் பெண் டாக்டரைப் பற்றிக் கேள்விப்பட்டு வந்து சொன்னவளும் அவன் மனைவிதான். காரின் பின் இருக்கையில் படுக்க வைத்துக் கூட்டிப்போனோம். அந்தப் பெண் அரை மணி நேரம் கேள்விதான் கேட்டாள். படுக்க வைத்து நாடியும் ரத்த அழுத்தமும் பார்த்தாள், பிறகு தாங்கிப் பிடித்து நிற்க வைத்து மறுபடியும் பார்த்தாள். நின்ற சில நிமிடத்தில் நாடி தறிகெட்டு ஓடியது. இத்தனை நாள் ஒருவரும் அவனை நிற்க வைத்துப் பார்த்திருக்கவில்லை.

“வேலை செஞ்ச அன்னைக்கே முடியாமப் போகுதா, மறுநாளா?”

“மறுநாளு, அதுக்கு மறுநாளு” என்றான் அவன். கட்டிலில் கிடந்தபடியே ஒரு நிம்மதி அவன் முகத்தில் தெரிந்தது. சரியான கேள்வியை ஒருவர் கேட்டுவிட்டார்.

அவள் எங்களுக்குப் புரியும்படி சொன்னாள். வைரஸ் போன பிறகும் சிலருடைய உடம்பு பழைய நிலைக்குத் திரும்புவதில்லை. செய்த வேலைக்கான தண்டனை ஒரு நாள், இரண்டு நாள் கழித்து வரும். இது சோம்பல் இல்லை, மனப் பிரமையும் இல்லை. வழக்கமான பரிசோதனையில் தெரியாமல் போகலாம். குணமாக்கும் மாத்திரை என்று ஒன்று இப்போதைக்கு இல்லை. தூக்கத்துக்கும் வலிக்கும் மருந்து தருகிறேன். நிற்கும்போது வரும் படபடப்புக்குத் தண்ணீரும் உப்பும் கூட்டுங்கள், இறுக்கமான காலுறை போடுங்கள். முக்கியமான வைத்தியம் உங்கள் கையில்தான் இருக்கிறது. களைப்பு வருவதற்கு முன்பே நிறுத்த வேண்டும். முடியும் என்று தோன்றுவதில் பாதியைச் செய்துவிட்டுப் படுத்துவிட வேண்டும். முக்கி முக்கி நடந்து இதைத் தாண்ட முடியாது, இன்னும் கீழேதான் போகும்.

அவன் சிங்கிள் பேஸ் விஷயத்தைச் சொன்னான். அவள் சிரித்தாள். ஆனால் என்னைப் போல் சிரிக்கவில்லை. “அதேதான்” என்று சொல்லிச் சீட்டில் எழுதிக்கொண்டாள்.

“அப்புறம் ஏன் நிறுத்தல?” என்று கேட்டாள்.

“ரிலே விழுந்துச்சு டாக்டர். குச்சிய முட்டுக் குடுத்து ஓட்டிட்டேன்.”

அவளுக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. மோட்டார் சூடேறினால் ஸ்டார்ட்டரில் ஒரு ரிலே தானாக விழுந்து ஓட்டத்தை நிறுத்தும். மோட்டாரைக் காப்பதற்காக வைத்தது அது. அவசரக்காரர்கள் அது விழாதபடி ஒரு குச்சியை முட்டுக் கொடுத்துவிட்டு ஓட்டுவார்கள். மோட்டார் ஓடும். பிறகு ஒரேயடியாகப் போகும்.

“யாரு உங்கள அவ்வளவு தூரம் நடக்கச் சொன்னது?” என்றாள் டாக்டர்.

நான் அவனுடைய தலைமாட்டில் நின்றேன். அவன் மனைவி என்னைப் பார்த்தாள். அவன் பார்க்கவில்லை. “நானாத்தான் டாக்டர்” என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. எழுபது வயதைத் தாண்டியவன், ஊரில் சார் என்று கூப்பிடப்படுகிறவன், ஒரு வரி சொல்ல முடியாமல் விசிறியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் பட்ட பாட்டுக்கு நான் காரணம் என்பது ஒரு குற்றம். அந்த அறையில் நான் பேசாமல் நின்றது அதைவிடப் பெரிய குற்றம். குச்சியைக் கொடுத்தது நான்தான்.

அதற்குப் பிறகுதான் என் தம்பி முடியாது என்று சொல்லப் பழகினான். சொல்லிக் கொடுத்தது அவன் மனைவி. அவள் வேண்டுமென்றே ஏதாவது கேட்பாள்.

“ஏங்க, போடியில வளகாப்பு. போவமா?”

“அதுக்கெ—”

“ம்?”

“முடியாது.”

“சத்தமாச் சொல்லுங்க.”

“முடியாதுடி!”

“புருசன் திட்டுறது இப்பத்தான் காதுக்கு நல்லாருக்கு” என்று என்னைப் பார்த்துச் சொல்வாள்.

அவன் எழுந்து உட்காரத் தொடங்கிய காலத்தில் பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் வந்தார். “ஏப்பா, வருசநாட்டுப் பக்கம் ஒரு மாடு பாக்கணும். நீ கூட வந்தாத்தான் சரியா இருக்கும்” என்றார்.

“முடியாதுப்பா.”

“என்னது?”

“முடியாது.”

அவர் வெளியே போய் வரப்பில் நின்ற இரண்டு பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார். “ஏ, இன்னொரு தடவ சொல்லு. இவனுகளும் கேக்கட்டும்!” அன்று ஊர் சிரித்த சிரிப்பில் கேலி இல்லை. சிங்கிள் பேஸ் என்ற பெயர் அதன் பிறகு மெல்ல மறைந்தது.

இப்போது அவன் தோட்டம் எங்கள் பகுதியில் ஒரு வேடிக்கை. மற்றவர்கள் ஆள் விட்டு இரண்டு மூன்று நாளில் தோட்டம் முழுவதையும் கவாத்து செய்துவிடுவார்கள். அப்போதுதான் எல்லாக் கொடியும் ஒன்றாகப் பூத்து ஒன்றாகப் பழுக்கும். பெரும்பகுதித் தோட்டத்தை இவனும் ஆள் விட்டுத்தான் பார்க்கிறான். ஆனால் மோட்டார் அறைக்குப் பக்கத்து வரிசைகள் அவனுடையவை. பெயின்டர்கள் வைத்திருப்பது போன்ற உயரமான ஸ்டூல் ஒன்றைப் பந்தலுக்குக் கீழே போட்டு ஏறி உட்கார்ந்துகொள்கிறான். கையை மேலே தூக்கி வேலை செய்வது ஆகாது என்பதால் முகத்துக்கு நேரே பந்தல் வரும்படி ஸ்டூலைச் செய்து வாங்கினான். ஒரு கொடியை வெட்டுவான். கடிகாரத்தைப் பார்ப்பான். இன்னொரு கொடிக்குத் தெம்பு இருக்கும்போதே கத்தரியை மடியில் வைத்துவிட்டு இறங்கிப் போய்ப் படுத்துவிடுவான். பாதி வெட்டிய வரிசை அப்படியே நிற்கும். அதைப் பார்த்து முதலில் என் கை பரபரத்தது. இப்படி விட்டு விட்டு வெட்டுவதால் அவனுடைய வரிசைகளில் எப்போது போனாலும் ஒரு பக்கம் பூ, ஒரு பக்கம் பிஞ்சு, ஒரு பக்கம் கறுத்த பழம்.

வாய்க்கால் வரை நடந்து திரும்புகிறான். கட்டிலை விட்டு எழுந்து தோட்டத்தில் இருப்பது காலையில் இரண்டு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். நடுவில் ஒரு சளி பிடித்தால் பத்து நாள் சறுக்குகிறான், பிறகு ஏறுகிறான். ஆனால் இப்போது சறுக்கினாலும் பழைய ஆழத்துக்குப் போவதில்லை. முழுதாகத் தேறவில்லை. இன்னும் தேறுவான் என்று நம்பிக்கையோடு சொல்கிறேன். இந்த முறை நான் தேதி குறிக்கவில்லை.

போன மாதம் போயிருந்தேன். மோட்டார் அறையில் அவன் கட்டிலில் படுத்திருந்தான், நான் அந்த உயரமான ஸ்டூலில் கால் தொங்க உட்கார்ந்திருந்தேன். பஸ்ஸில் வரும் வழியெல்லாம் மனதுக்குள் சொல்லிப் பார்த்ததைச் சொன்னேன். “அன்னைக்கு டாக்டர்ட்ட நான்தான் நடக்கச் சொன்னேன்னு சொல்லியிருக்கணும்டா. டீக்கடையில ஒன்னையச் சொல்லிச் சிரிச்சதும் நான்தான். அந்தப் பேரு என்னாலதான் வந்துச்சு. என்னைய மன்னிச்சிரு.”

எனக்கு ஒரு பயம் இருந்தது. அவன் பழைய பழக்கத்தில் அதுக்கென்ன என்று சொல்லிவிடுவானோ என்ற பயம். சொல்லியிருந்தால் நான் கேட்டதற்கு ஒரு மதிப்பும் இருந்திருக்காது.

அவன் கடிகாரத்தைப் பார்த்தான்.

“இப்ப முடியாதுண்ணே” என்றான்.

நானும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“இது நான் படுக்குற நேரம். நீ சொன்னதுல பாதிதான் மண்டைக்குள்ள போயிருக்கு. பெரிய விசயம், அவசரத்துல பதில் சொல்ல மாட்டேன். எல்லாத்தையும் எழுதிக் கொண்டா. படிச்சுப் பாத்துச் சொல்றேன்.” கண்ணை மூடினான். திறக்காமலே, “பேரு போடாத. ஒரு நாளைக்கு ரெண்டு பக்கத்துக்கு மேல எனக்கு ஓடாது, சுருக்கா எழுது” என்றான்.

அப்பா இறந்த பிறகான இந்த நாற்பத்தைந்து வருடத்தில் என் தம்பி எனக்குச் சொன்ன முதல் மறுப்பு அது என்று சொல்லத் தோன்றுகிறது. அது பொய். முதல் மறுப்பை வேப்பிலை உருவிய மாலையில் சொன்னான், நான் ஏற்கவில்லை. இது இரண்டாவது. இதை ஏற்றுக்கொண்டு ஸ்டூலிலிருந்து மெதுவாக இறங்கி, கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு வந்தேன்.

அவன் எழுதிக் கொண்டுவரச் சொன்னது இதைத்தான். சொல்வதற்கு இன்னும் இருக்கிறது. அவனுக்கு இரண்டு மூன்று நாள் வாசிப்புக்கு இது போதும். ஆகவே இங்கே நிறுத்துகிறேன்.